ஹோலியன்று கணக்கு டியூஷன்

தனசேகரன் லிட்டில் இந்தியாத் திடலுக்குள் நுழைந்தபோது அத்தனை பிள்ளைகளும் தலை முதல் கால் வரை ஊதா நிறத்தில் இருந்தார்கள். அதில் தன் பெண் ரக்ஷனா யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

ஹோலி வசந்த காலத்தை வரவேற்கும் பண்டிகை. சிங்கப்பூருக்கு வசந்தம் வருவதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பிஎஸ்எல்இ பரீட்சைதான் தவறாமல் வரும். மூன்று மணிக்குச் செம்பவாங்கில் கணக்கு டியூஷன். இன்னொரு வகுப்புக்கு மட்டம் போட்டால் ரக்ஷனாவின் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதாக டியூஷன் டீச்சர் மிஸ் ஷமீமா சொல்லியிருந்தார். இடம் போனால் மனைவி கமலா தன்னைச் சும்மா விடமாட்டாள் என்று தனசேகரனுக்கு உள்ளூர நடுக்கம்.

"ரக்ஷனா!" என்று கத்தினார்.

பிள்ளைகள் கூடிக் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு ஓர் ஊதா உருவம் மெல்ல வந்து நின்றது.

"ஏறு, டாக்சி நிக்குது!"

டாக்சிக்காரர் எட்டிப் பார்த்தார், சீட்டில் சாயம் ஒட்டிவிடும் என்று கையை ஆட்டினார். "நோ லா! மை சீட் ஹௌ?"

தனசேகரன் பிள்ளையைக் குழாயடிக்கு இழுத்துப்போய் முகத்தைக் கழுவினார். தண்ணீர் பட்டதும் பொடி சாயமாகவே பிடித்துக்கொண்டது. தன் வெள்ளைச் சட்டை நுனியால் துடைத்தார், சட்டையும் ஊதாவானது. பின்னாலிருந்து யாரோ ஒரு வாளித் தண்ணீரை அவர் தலையில் கொட்டினார்கள்.

"கோவிச்சுக்காதீங்க அங்கிள், இன்னிக்கு ஹோலி!"

எம்ஆர்டி ரயிலில் இருவரையும் கண்டு ஆட்கள் விலகி நின்றார்கள். தனசேகரன் போனைத் தடவிக்கொண்டே புத்திமதி சொன்னார்.

"விளையாட்டு எங்கயும் ஓடிப்போகாது. கணக்கு?"

"ம்."

"அப்பா மேல கோவமா?"

"ம்."

கோபம் வந்தால் ரக்ஷனா இப்படித்தான் வாயைத் திறக்கமாட்டாள். அதுவும் நல்லதற்குத்தான் என்று அவர் போனிலேயே மூழ்கினார்.

டியூஷன் வாசலில் மிஸ் ஷமீமா மறித்தார். "கார்ப்பெட் புதுசு சார்!"

தனசேகரன் கீழே கடைக்கு ஓடிக் கறுப்புக் குப்பைப் பைகள் வாங்கிவந்தார். ஒன்றை நாற்காலிக்குப் போர்த்தினார். இன்னொன்றில் தலைக்கு ஓட்டை போட்டுப் பிள்ளைக்கு மாட்டினார்.

"குப்பையைக் கொண்டுவந்த மாதிரி இருக்கு சார்."

"உக்காந்தா போதும் மிஸ்."

வகுப்பு முடிந்ததும் மிஸ் ஷமீமா விடைத்தாளோடு ஓடிவந்தார். "என்ன சார் செஞ்சீங்க? இருபதுக்கு இருபது! இதுவரைக்கும் எட்டைத் தாண்டினதே இல்ல!"

தனசேகரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவ்வளவு சந்தோஷம்.

"வர்ற வழியில ரெண்டு வார்த்தை சொன்னேன் மிஸ். என் பொண்ணு, நான் சொன்னா கேப்பா."

தாளைப் படமெடுத்து உடனே கமலாவுக்கு அனுப்பினார். 'பார்த்தியா, அப்பன் கூட்டிட்டுப் போனா எப்படின்னு' என்று கீழே எழுதவும் செய்தார்.

குப்பைப் பைக்குள்ளிருந்து ஓர் ஊதாக் கை நீண்டு அவர் சட்டையை இழுத்தது.

"அங்கிள், நாளைக்கு சயின்ஸ் டியூஷனுக்கும் நானே வரணுமா, இல்ல ரக்ஷனா வந்துருவாளா?"