மாமனாரும் ஒரு பாட்டில் ஸ்பிரிட்டும்

கூடாரம், மலையேறும் பூட்ஸ், பத்து வேலை செய்யும் சின்னக் கத்தி இவற்றையெல்லாம் வாங்குகிற ஆண்களில் பெரும்பாலோர் காட்டுப் பக்கம் போவதே இல்லை. பார்சலைப் பிரித்ததுமே போய்வந்த திருப்தி கிடைத்துவிடும். நானும் அந்தக் கூட்டத்தோடு நின்றிருந்தால், பெங்களூர் விமான நிலையத்தில் ஊரே பார்க்க மாமனாரைக் கொல்லப் பார்த்தவன் என்ற பெயர் எனக்கு வந்திருக்காது.

மாமனார் பெயர் தேவசகாயம். பெங்களூர் மர்பி டவுன்காரர். ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பல வருடம் முன்பே அவருடைய மூக்கு ஓய்வு பெற்றுவிட்டது. (அடுப்பில் மீன் கருகினால்கூட எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.) கண்கள் மட்டும் இன்னும் பணியில் இருந்தன. எந்தப் பொருளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் தேடுவார். என்னைத் தூக்கிப் பிடிக்கத் தேவை இருக்கவில்லை. வேலூர்க்காரன், வேறு மதம், அவர் மகள் ஷீலாவை அவரிடம் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டவன். எல்லாமே வெறும் கண்ணுக்குத் தெரிகிற கீறல்கள்.

அதனால் அவர் என்னோடு பேசுவதில்லை. மூன்று வருடம். விருந்துக்குக் கூப்பிடுவார், தட்டில் கறித்துண்டுகூட வைப்பார், ஆனால் சொல்ல வேண்டியதை ஷீலாவிடம் சொல்வார். ஷீலா இல்லாத நேரங்களில் ஃபிரிட்ஜிடம் சொல்வார். "மழை வர்ற மாதிரி இருக்கு. வண்டியில போறவங்க இப்பவே கெளம்பிட்டா நல்லது" என்பார் அதன் கதவைப் பார்த்து. நான் ஃபிரிட்ஜுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புவேன். மௌனத்தைத் தாங்க முடியாத பிறவி நான். அவர் பேசாத இடத்தையும் சேர்த்து நானே பேசி நிரப்புவேன்.

ஒருநாள் ஷீலா தீர்மானமாகச் சொன்னாள். "அப்பாவுக்குப் பனியைப் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. இமாசலத்துல ஆத்தோரமா டென்ட் போட்டுத் தர்றாங்க. மூணு பேரும் போறோம். அதுக்கப்புறமும் அவர் உங்ககிட்ட பேசலைன்னா என்னை விட்டுடுங்க. நடுவுல நின்னு தபால் குடுத்து எனக்கு அலுத்துப் போச்சு."

மாமனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். போட்டது ஃபிரிட்ஜிடம். "டென்ட்டுல விடியக்காலம் டீ போட்டுத் தர ஆள் இருந்தா வரேன். இல்லன்னா வரல."

ஃபிரிட்ஜ் யோசிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான் போட்டுத் தர்றேன் மாமா."

அன்றே இணையத்தில் ஒரு கையகல ஸ்பிரிட் அடுப்பு வாங்கினேன். ஸ்பிரிட்டுக்காகச் சிவாஜிநகர் போய், வார்னிஷ், தின்னர் விற்கும் கடையில் நின்றேன்.

"பாலிஷுக்கா சார்?" என்றார் கடைக்கார பாய்.

"இல்ல பாய். டீக்கு."

நீட்டிய பாட்டிலை அவர் பின்னால் இழுத்துக்கொண்டார். "பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்களா சார்?" என்று கனிவாக விசாரித்தார். அடுப்பின் படத்தைப் போனில் காட்டிய பிறகுதான் கொடுத்தார்.

அந்த பிளாஸ்டிக் பாட்டிலின் மூடி லேசாக ஆடியது. எனவே ஸ்பிரிட்டை என் ஆபீஸ் ஸ்டீல் பாட்டிலுக்கு மாற்றினேன். துளி வாடைகூட வெளியே வராத மூடி. (என் வாழ்க்கையில் நான் பொறுப்பாக மூடிய ஒரே மூடி அதுதான்.) ஷீலாவிடம் சொல்லவில்லை. சொன்னால் "வேணாம்" என்பாள். அவள் வேண்டாம் என்றவை எல்லாம் சரியாகவே வேண்டாதவையாக இருந்திருக்கின்றன.

விமான நிலையத்தில் பெட்டிகளை ஒப்படைக்கும் கவுண்டரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். சிலிண்டர், பட்டாசு, பெட்ரோல் கேன், ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கோடு. ஸ்டீல் பாட்டில் படம் இல்லை. கவுண்டர் பெண், "பெட்டிக்குள்ள தீப்பிடிக்கிற பொருள் ஏதாவது இருக்கா சார்?" என்றாள். "இல்லை" என்றேன். பெட்டிக்குள் இல்லைதான். தோளில் மாட்டியிருந்த பையில், அடுப்போடு இருந்தது. கண் முன்னால் இருந்தால் பத்திரம் என்பது என் கணக்கு. இரண்டு பட்டம் வாங்கிய மூளை போட்ட கணக்கு இது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

பாதுகாப்புச் சோதனையில் மாமனார் முதலில் உள்ளே போய்விட்டார். ஷீலா பெண்கள் வரிசையில். நான் மேடையில் ஏறி, சோளக்கொல்லைப் பொம்மை போல் கைகளை விரித்து நின்றேன். ஒரு காவலர் என் அக்குளில் கருவியைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போது எதிர்ப்பக்கம், எக்ஸ்ரே இயந்திரத்திலிருந்து வந்த என் பையை இன்னொரு காவலர் தனியே ஒதுக்கி, ஸ்டீல் பாட்டிலை வெளியே எடுத்தார்.

"யே கிஸ்கா ஹை?" யாருடையது என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முன்னால் வந்தார். "மேரே தாமாத் கா" என்றார்.

என் மருமகனுடையது.

மூன்று வருடத்தில் முதல்முறை. விரித்த கைகளோடு நான் உருகிப்போனேன். கண் கலங்கியதில், அடுத்து நடந்தது ஒரு நொடி தாமதமாகவே எனக்குத் தெரிந்தது. உள்ளே தண்ணீர்தான் என்றால் கொஞ்சம் குடித்துக் காட்டுங்கள் என்று காவலர் சைகை செய்தார். மருமகனின் மானத்தைக் காப்பாற்ற வந்த மாமனார் மூடியைத் திருகினார். பாட்டிலை உயர்த்தினார். அந்த மூக்கோ என்றைக்கோ ஓய்வு பெற்ற மூக்கு.

"மாமா! குடிக்காதீங்க! தீப்பிடிக்கும்!"

என் குரலில் அப்படி ஒன்று இருப்பது அதுவரை எனக்கே தெரியாது. கூடம் உறைந்தது. ஒரு குழந்தை மட்டும் பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தது. காவலர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதால் கொஞ்சம் சமாளித்திருக்கலாம். ஆனால் இது பெங்களூர். எனக்குப் பின்னால் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி நின்ற ஒரு நல்லவர், "பெங்கி ஹத்கொள்ளுத்தந்தே" என்று கன்னடத்திலும், "ஆக் லகேகா போல்ரஹா ஹை" என்று இந்தியிலும் எல்லோருக்கும் கேட்கும்படி மொழிபெயர்த்தார். யாராவது விட்டுப்போயிருப்பார்களோ என்று கவலைப்பட்டு ஆங்கிலத்திலும் சொன்னார்.

அடுத்த கணம் என் விரித்த கைகள் முதுகுப் பக்கம் இருந்தன. மாமனார் பாட்டிலைத் தள்ளிப் பிடித்து என்னையே பார்த்தார். "டேய், இன்னாடா இது?" என்றார். ஃபிரிட்ஜ் அருகில் எங்கும் இல்லை. என்னிடம்தான் பேசினார்.

ஒரு சின்ன அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். ஷீலா என் பக்கம் திரும்பவே இல்லை. மேலதிகாரி கோலார் தங்கவயல் பக்கத்துப் பெண்மணி, நன்றாகவே தமிழ் பேசினார். அது எனக்கு நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

"எதுக்கு ஸ்பிரிட் எடுத்துட்டு வந்தீங்க?"

"டீ போட, மேடம்."

"பிளேன்லயா?"

"மலையில."

"யாருக்கு?"

நான் மாமனாரைப் பார்த்தேன். அதிகாரியும் அவர் பக்கம் திரும்பினார். "இவரை உங்களுக்கு எவ்வளவு நாளா தெரியும்? எப்படிப்பட்ட ஆள்?"

தெரியாது என்று சொல்ல அவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வாய்க்காது. கையெழுத்துப் போட்டுவிட்டு மகளோடு அடுத்த விமானத்தில் பனி பார்க்கப் போகலாம். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எழுபது வயதுக் கண்கள், குழல்விளக்கின் நல்ல வெளிச்சம்.

"மூணு வருஷமா செக் பண்ணிட்டுதான் இருக்கேம்மா" என்றார். "முட்டாப் பையன். வேற டிஃபெக்ட் எதுவும் கெடைக்கல."

அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டார். ஸ்பிரிட்டும் அடுப்பும் பறிமுதல். நீண்ட விசாரணை, எச்சரிக்கை, இனி செய்ய மாட்டேன் என்று எழுதி ஒரு கையெழுத்து. எங்கள் விமானம் எங்களை விட்டுவிட்டு எப்போதோ போயிருந்தது. அடுத்த விமானத்துக்குக் காத்திருந்த நேரம் முழுக்க மாமனார் என்னைத் திட்டினார். சேர்த்துவைத்த மூன்று வருடத்து வசவு. ஷீலா பாதியில் தூங்கிவிட்டாள். தபால் வேலை முடிந்த நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது.

இப்போது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மர்பி டவுன் வீட்டில் இந்தக் கதை ஓடுகிறது. ஜீவனஹள்ளி உறவினர்களுக்காக மாமனார் அதைத் திருத்தி எழுதிவிட்டார். பாட்டிலில் இருந்தது ஸ்பிரிட் என்று அவருக்கு முதலிலேயே தெரியுமாம். நான் தடுக்கிறேனா என்று சோதிக்கத்தான் தூக்கினாராம். "பைனல் டெஸ்ட்டு" என்று அவர் சொல்ல, என்னைத் தவிர எல்லோரும் நம்புகிறார்கள்.

போன கிறிஸ்துமஸில் கேட்டே விட்டேன். "சரி மாமா, நான் கத்தாம இருந்திருந்தா?"

கேக்கை மென்றபடி சொன்னார். "கத்தாம எப்பிடிடா இருப்ப? உன்னால வாய மூடிட்டு இருக்க முடியாதுன்னு மூணு வருஷமா கேட்டுட்டுதான இருந்தேன்."