கேஜ்காரரின் பிரஷர்

கோயமுத்தூரில் டாக்டரிடமே "உங்க மெஷின் ரிப்பேருங்க" என்று சொன்ன ஒரே மனிதர் எங்கள் கேஜ்காரர்தான்.

தொண்ணூறுகளில் பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் நான் குமாஸ்தா. பம்பு தள்ளும் தண்ணீரின் அழுத்தத்தை கேஜில் பார்ப்பது அவர் வேலை. முள் நகரும் முன்பே குழாய் வாயில் கையை வைத்து அளவைச் சொல்லிவிடுவார். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

ஒருமுறை கம்பெனியில் மருத்துவ முகாம். கேஜ்காரருக்குப் பிரஷர் தாறுமாறாக ஏறியிருந்தது. கருவியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மேற்படி தீர்ப்பைச் சொன்னார். டாக்டர் கோபிக்காமல் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். கொழுப்பு அதிகம் என்று வந்தது.

"மூங்கிலாட்ட இருக்கறேன். எனக்கேதுங்க கொழுப்பு?"

"ஒல்லியா இருந்தாலும் ரத்தத்துல இருக்குமுங்க. ரத்தக் குழாயைச் சுருக்கற ஹார்மோன் ஒண்ணு இருக்குது. கொழுப்பு கூடுனா அதோட ஆட்டமும் கூடிப்போகும். அதுக்குத் துணையா இன்னொரு ஹார்மோன், உப்பையும் தண்ணியையும் வெளிய உடாம புடிச்சு வெச்சுக்கும்."

கேஜ்காரர் முகம் தெளிந்தது. "குழாயும் சுருங்குது, தண்ணியும் கூடுது. இதை மொதல்லயே சொல்லியிருந்தா உங்க மெஷினைக் கொறை பேசியிருக்க மாட்டனுங்க."

மறுநாளிலிருந்து அவரே டாக்டர். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு டிபன் பாக்ஸாக எட்டிப் பார்ப்பார். "ஏனுங்க, இந்த வறுவல் உள்ள போனா ஹார்மோன் என்ன பண்ணுமுன்னு தெரியுமுங்களா?" கேன்டீனில் பஜ்ஜியை நிறுத்தச் சொல்லி மேனேஜரிடம் மனு கொடுத்தார். ஜென்மப் பகையாளிகளான இரண்டு யூனியன்களும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டு அதைத் தோற்கடித்தன. அன்று சாயங்காலம் ஷெட்டுக்குப் பின்னால் அவரே பஜ்ஜி தின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன்.

"டெஸ்டிங்குங்க" என்றார்.

கொஞ்ச நாளில் எனக்கே தலை சுற்றி, மேஜை மேல் சாய்ந்துவிட்டேன். ஓடி வந்த கேஜ்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். உடனே மொபெட்டில் ஏற்றி அதே டாக்டரிடம் கொண்டுபோனார். வழியில் ஹார்மோன் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சோதனையில் எனக்கும் கொழுப்பு, பிரஷர் இரண்டும் ஏறியிருந்தன. மாத்திரை, பத்தியம் எல்லாம் ஆயுசுக்கும்.

மறுநாள் மதியம் எண்ணெய் காட்டாத புடலங்காயை வெறித்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்து அமர்ந்த கேஜ்காரர் தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். வெறும் வேகவைத்த கொள்ளு.

"பஜ்ஜி என்னாச்சுங்க?"

"உட்டுப்போட்டனுங்க" என்றவர், கொள்ளில் பாதியை என் பக்கம் தள்ளினார். "பத்தியச் சோறு தனியாத் தின்னா எறங்காதுங்க."