சர்வர் சித்தரும் செம்புக் கூம்பும்

சர்வர் சித்தர் வருகிறாராம்! மருத்துவமனையின் நான்காவது மாடியில் கால் வைக்க இடமில்லை. கணக்குப் பிரிவு அக்கா தன் பிரிண்டரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சித்தர் ஒரு பார்வை பார்த்தால் இனிமேல் தாள் சிக்காதாம். எக்ஸ்ரே எடுப்பவர் தன் பழைய செல்போனோடு காத்திருந்தார். எலும்பு வரைக்கும் ஊடுருவிப் பார்க்கிற மனிதர். சித்தரை மட்டும் ஊடுருவ மனம் வரவில்லை.

இந்த மருத்துவமனைக்கு சர்வர் அறையை அமைத்துக் கொடுத்தவரே சித்தர்தான். இரும்பு சர்வர்கள் மூன்று. அவற்றுக்குள் மென்பொருளாலேயே ஆன கணினிகள் நாற்பது. நோயாளிகளின் விவரம் முழுக்கப் பக்கத்தில் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியில். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு செம்புக் கூம்பு.

"அலைகளைச் சமன் பண்ணும். என் கை தவிர வேற கை பட்டா மெஷின் கோவிச்சுக்கும்" என்று சொல்லி வைத்திருந்தார்.

சொன்னபடியே கோபித்துக்கொண்டது! இரண்டு தடவை மின்சாரம் போய் வந்தது. இரண்டு தடவையும் சர்வர் எழவில்லை. சித்தர் வந்து, எல்லாரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, ஏதோ முணுமுணுத்த பிறகுதான் கண் திறந்தது. படித்தவர்கள் நிறைந்த கட்டடம் வேறு. கேட்கவேண்டுமா? பெரிய டாக்டர்களே வாசலில் கைகட்டி நின்றார்கள்.

இன்றைக்கு விஷயம் கொஞ்சம் அவசரம். கீழே, கட்டடத்துக்கே மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் மின்பலகை கருக ஆரம்பித்திருந்தது. பதினோரு மணிக்கு மின்சாரத்தை நிறுத்தி மாற்றியாக வேண்டும். நோயாளிகள் இருக்கும் இடத்துக்கு ஜெனரேட்டர் உண்டு. சர்வர் அறைக்கு இல்லை.

வந்து சேர்ந்த சித்தர் சர்வரில் காதை வைத்துக் கேட்டார். கண்ணை மூடினார்.

"இன்னிக்கு வேணாம். மெஷினுக்கு மனசு சரியில்ல. மூணு நாள் போகட்டும்."

நிர்வாகி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மூணு நாள்ல பலகை பத்திக்கிச்சுன்னா?"

"அது உங்க பாடு."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். மூன்று மாதத்துக்கு முன்பு கணினிப் பிரிவில் சேர்ந்த பெண். "சார், நானே நிறுத்தி நானே ஏத்துறேன். எல்லா விவரத்துக்கும் நேத்தே நகல் எடுத்தாச்சு. கதவு மட்டும் திறந்தே இருக்கட்டும், எல்லாரும் பாருங்க."

சித்தர் சிரித்தார். "செய்ம்மா. மதியம் எனக்குத்தானே போன் வரும்! நான் எதுக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பணும்? இங்கயே உக்காந்துக்கறேன்."

அவள் எல்லாப் பிரிவுக்கும் சொல்லிவிட்டு, உள்ளே ஓடிய நாற்பது கணினிகளையும் வரிசையாக மூடினாள். மற்றதெல்லாம் நம்பியிருக்கும் கணினியைக் கடைசியாக. பிறகு மூன்று சர்வர்கள். அதற்கும் பிறகு ஸ்டோரேஜ்.

"அவ்வளவுதானா?" என்றார் நிர்வாகி.

"வீட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறவங்களை வெளிய வரச் சொல்லணும்ல சார்? அவ்வளவுதான். ஏத்தும்போது இதையே தலைகீழா பண்ணணும்."

பதினோரு மணிக்கு மின்சாரத்தை நிறுத்திப் பலகையை மாற்றினார்கள். பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் திரும்ப வந்தது. முதலில் ஸ்டோரேஜ். விளக்குகள் நிதானமாகும்வரை காத்திருந்தாள். பிறகு சர்வர்கள். திரையில் வந்து நின்றது ஒரே வரி: ஸ்டோரேஜைக் காணவில்லை.

கூட்டம் 'ஐயோ' என்றது. சித்தர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "கோவம்! எல்லாரும் வெளிய போங்க."

அதே நேரம் அவசரப் பிரிவிலிருந்து நர்ஸ் போனில் கத்தினார்: "ஒரு குழந்தை வந்திருக்கு. எந்த மருந்து ஒத்துக்காதுன்னு பழைய ஃபைல்லதான் இருக்கு. எப்ப வரும்?"

அவள் நகரவில்லை. ஸ்டோரேஜில் விளக்கு எரிகிறது. சர்வரிலும் எரிகிறது. இரண்டையும் இணைக்கும் சின்னப் பெட்டியில் மட்டும் இல்லை. அதன் மின்கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனாள். கம்பி நேராகக் கூம்புக்குள் நுழைந்தது.

"தொடாதே!" என்று பாய்ந்தார் சித்தர்.

அதற்குள் கூம்பைத் தூக்கிவிட்டாள். உள்ளே அலையும் இல்லை, ஆவியும் இல்லை. ஒரு சுவிட்சுப் பெட்டி. சிவப்பு பட்டன் ஒன்று, பச்சை பட்டன் ஒன்று.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இது எங்கப்பாவோட மரம் அறுக்கற பட்டறையில இருக்கு சார். கரண்ட் போனா தானா துண்டிச்சுக்கும். திரும்ப வந்தாலும் பச்சையை அழுத்தாம ஓடாது. ரம்பம் திடீர்னு சுத்தி யார் விரலையும் எடுத்துடக்கூடாதுன்னு வெக்கறது. அக்கா, நீங்க வந்து அழுத்துங்க. மந்திரம் எதுவும் வேணாம்."

கணக்குப் பிரிவு அக்கா பிரிண்டரைக் கீழே வைத்துவிட்டு, பயந்துகொண்டே ஒற்றை விரலால் அழுத்தினார். டக்! விளக்கு எரிந்தது. சர்வர்களை அணைத்து மறுபடி ஏற்றினாள். ஸ்டோரேஜ் தெரிந்தது. நாற்பதும் ஒவ்வொன்றாக எழுந்தன. நர்ஸ் போனில், "கிடைச்சிடுச்சு, கிடைச்சிடுச்சு" என்றார்.

"அது... ஒரு பாதுகாப்புக்காக..." என்று இழுத்தார் சித்தர்.

"பாதுகாப்புன்னா கதவை ஏன்யா சாத்தினே?" என்றார் நிர்வாகி. அவ்வளவு நேரமும் 'வாங்க, போங்க' என்றிருந்தவர்!

சித்தர் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. படியிலேயே இறங்கிவிட்டார். நிறுத்துகிற வரிசையையும் ஏற்றுகிற வரிசையையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள் அவள்.

ஊர் திருந்திவிட்டது என்கிறீர்களா? அந்தத் தாளைப் படித்து முடித்த ஒருவர் அவளிடம் மெதுவாகக் கேட்டார்: "இதை எந்தத் திசை பார்த்து ஒட்டணும்மா?"

நிறுத்திய சர்வரை எழுப்ப ஒரு வரிசை வேண்டும், ஐயா. நிறுத்தி வைத்த மூளைக்கு அதுகூட வேண்டாம். 'ஏன்' என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள், தானே ஓடும்!