பாவாடை கிழிந்த கப்பல்

"கேப்டன், இப்ப நாம எங்க இருக்கோம்?" என்று ஹொரேஸ் மறுபடியும் கேட்டான்.

"கடல்ல," என்றார் கேப்டன் கோல்மன்.

அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. புறப்படும்போது லேசாக இருந்த பனி, பாதி வழியில் கெட்டித் தயிராகிவிட்டது. உப்புத் தண்ணீர் புகுந்து ராடார் செத்தது. துணைக்கு ரேடியோவும் போய்ச் சேர்ந்தது. ஜன்னல்களில் உப்பும் சேறும் அப்பிக் கிடந்தன. ஹோவர்கிராஃப்ட் மட்டும் ஊருக்கே கேட்கிற இரைச்சலோடு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

ஹொரேஸுக்கு அன்று கல்யாணம். வைட் தீவில், கரையோரச் சர்ச்சில். ஏற்கெனவே இரண்டு முறை நாள் குறித்தாயிற்று. ஒரு முறை தூங்கிவிட்டான். இன்னொரு முறை வேறொரு சர்ச்சுக்குப் போய், யாருடைய கல்யாணத்திலோ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை மணப்பெண் மார்ஜரி கத்தவில்லை. "நான் சர்ச்சுக்குள்ள வரும்போது நீ அங்க நிக்கலேன்னா, அப்படியே திரும்பிடுவேன். அதோட முடிஞ்சுது," என்று மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசினால் அப்பீலே கிடையாது.

இந்த லட்சணத்தில், முந்தின நாளே வாங்கியிருக்க வேண்டிய கல்யாணக் கேக்கை மறந்துவிட்டு, விடிந்ததும் கடலைத் தாண்டி சவுத்ஸீ ஊருக்கு ஓடிய புத்திசாலி அவன். இப்போது திரும்பும் வழியில், கோட்டும் சூட்டுமாக, மடியில் மூன்றடுக்குக் கேக்கோடு உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் கொஞ்சம் வேகமா போகக் கூடாதா?"

"தம்பி, இதுக்கு பிரேக் கிடையாது. அடியில ஒரு காத்தாடி காத்தை அடிக்குது. அது ஓடிப்போகாம சுத்திலும் ரப்பர் பாவாடை பிடிச்சு வெச்சிருக்கு. அந்தக் காத்து மெத்தை மேல வழுக்கிட்டுப் போறோம், அவ்வளவுதான். தண்ணியை நாம தொடறதே இல்ல."

"பாவாடையை நான் ஏறும்போதே பார்த்தேன்," என்றாள் இன்னொரு பயணியான மிஸஸ் ஹாப்குட், பின்னல் ஊசியை நிறுத்தாமல். "ஓரமெல்லாம் நைஞ்சு கிடக்கு. மானம் போகப்போகுது."

"கல்யாணம் கேப்டன்! நீங்களும் கல்யாணம் ஆனவர்தானே?"

"அதனாலதான் நிதானமா போறேன்," என்றார் கோல்மன். ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் வேகத்தைக் கூட்டினார்.

அடுத்த சில நிமிடங்களில் வண்டி திடீரென்று மூக்கைத் தூக்கி ஏறி இறங்கியது.

"பெரிய அலை!" என்றார் கேப்டன்.

உடனே பக்கவாட்டில் 'டர்ர்ர்' என்று ஏதோ கிழிந்தது. காற்று புஸ்ஸென்று வெளியேற, வண்டி ஒருபக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. ஏதோ மிதக்கிற கட்டை என்று கேப்டன் தீர்ப்புச் சொன்னார். எஞ்சினை எவ்வளவு முறுக்கியும் கிழிசல் வழியாகக் காற்று ஓடியதே தவிர, வண்டி எழவில்லை.

"கனத்தைக் குறைச்சா ஒருவேளை எழும்பும்," என்றார் கேப்டன். அவர் கண் கேக்கின் மேல் விழுந்தது.

"கடல்ல போடறதா? பாவம்! தின்னுடலாம்," என்றாள் மிஸஸ் ஹாப்குட்.

ஹொரேஸ் கண்ணீரோடு தலையாட்டினான். கேக் போனால் போகட்டும், மார்ஜரி போகக் கூடாது. மூவருமாக மேல் அடுக்கை முடித்து, நடு அடுக்கில் பாதிக்கு வந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது.

"கேப்டன், தின்னா எடை எப்படிக் குறையும்? அது நம்ம வயித்துல தானே இருக்கு?"

கேப்டன் மெல்லுவதை நிறுத்தி யோசித்தார். "நல்ல கேக்," என்றார்.

எஞ்சினை அணைத்ததும் எங்கேயோ மணி அடிப்பது கேட்டது.

"மிதவை மணி! கப்பலுக்கு வழி காட்ட மிதக்க விடற மணி. கப்பல் போற பாதையில கிடக்கோம்," என்று கேப்டன் வெளிறிப்போனார். அவர் வாயை மூடுவதற்குள் பின்னால் வெகு அருகில் ஒரு ஹாரன் அலறியது. மறுபடியும் அலறியது.

"கப்பல்! யாரும் அசையாதீங்க! கதவைத் திறந்தா தண்ணி உள்ள வந்துடும்!"

"கடல் எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க, ஒரு ஆட்டம் இல்ல," என்றாள் மிஸஸ் ஹாப்குட். "சாகறதுக்கு நல்ல நாள்தான்."

ஹொரேஸ் கணக்குப் போட்டுப் பார்த்தான். கப்பல் மோதிச் செத்தாலும், யாராவது கரைக்கு இழுத்துப்போய்ப் பிழைத்தாலும், மார்ஜரி இல்லை. இந்நேரம் அவள் சர்ச்சுக்குள் வந்து, காலி இடத்தைப் பார்த்து, மெதுவாகத் திரும்பியிருப்பாள். இனி அவளுக்குச் சொல்ல அவனிடம் ஒரு சாக்குக்கூட மிச்சமில்லை. செத்தாலும் அவளை நோக்கி நீந்திச் சாவது என்று முடிவு செய்தான்.

சூட்டைக் கழற்றினான். கரையேறியதும் நனையாமல் போட்டுக்கொள்ள வேண்டுமே! கோட்டையும் பேண்ட்டையும் சுருட்டித் தலையில் முண்டாசாகக் கட்டி, உயிர்காப்பு அங்கியை ஊதி மாட்டினான். உள்ளாடையோடு நின்றவனைப் பார்த்து மிஸஸ் ஹாப்குட் பின்னலை நிறுத்தினாள்.

"தம்பி, உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது," என்று சொல்லிவிட்டு, கேப்டன் பிடிப்பதற்குள் கதவைத் திறந்து, "மார்ஜரி!" என்று கதறியபடி பாய்ந்தான்.

கடல் முள்ளாகக் குத்தியது. தொடையெல்லாம் தீயாக எரிந்தது. எரிகிற கடலில் இரண்டு கை நீந்திய பிறகே, தான் காஞ்சொறிப் புதரில் குப்புறக் கிடப்பது அவனுக்குப் புரிந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு தொப்பி வந்தது. தொப்பிக்குக் கீழே ஒரு வாடகைக்கார் டிரைவர். அவருக்குப் பின்னால் காரின் முகப்பில் வெள்ளை ரிப்பன் தொங்கியது.

டிரைவர் அவனைத் தலை முண்டாசிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீங்க யாரோ எவரோ, முதல்ல இந்தக் கப்பலை நகர்த்தச் சொல்லுங்க சார்! சர்ச்சுக்குப் போற வழியையே அடைச்சுக்கிட்டு நிக்குது. எவ்வளவு நேரமா ஹாரன் அடிக்கிறேன், கல்யாணப் பொண்ணு கார்லயே உக்காந்திருக்காங்க. சர்ச்சுக்குள்ள அந்த மாப்பிள்ளை காத்துக் காத்து என்ன பாடு படுறாரோ, பாவம்!"