கொலுவில் ருசி பார்த்த கம்பி

திருவான்மியூர் அத்திம்பேர் அவர்களுக்கு மயிலாப்பூர் ஸ்ரீரங்கன் அநேக நமஸ்காரம். இங்கே சமையலறை வரைக்கும் எல்லோரும் சௌக்கியம். கொலு வைத்த கூடத்தில்தான் சௌக்கியம் கொஞ்சம் போதவில்லை. போனில் சொன்னால் என் பெண் ஸ்நேஹா காதில் விழும் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவள் மின்சாரப் பெட்டி செய்யக் கிளம்பியது உங்களுக்குத் தெரியும். நவராத்திரிக்குள் ஒரு பெட்டி ஒழுங்காக வேலை செய்தால் தொடரலாம், இல்லையென்றால் பழைய வேலைக்கே திரும்பவேண்டும் என்று நான் கறாராகச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைத்துக் கொலு விளக்குகளுக்குக் கொடுக்கும் பெட்டி. வெளியே எவ்வளவு போகிறது என்று ஒரு கம்பி சேதி கொண்டுவர, உள்ளேயிருக்கும் சிப் கூட்டியோ குறைத்தோ சரிபண்ணுமாம். முதல் நாள் அந்தச் சிப்புக்கு ஒரே பதற்றம். துளி ஏறினால் அலறியடித்துக் குறைத்தது, துளி இறங்கினால் அள்ளிக் கொட்டியது, விளக்கெல்லாம் துடித்தன. "அப்படியே உங்கப்பாவாட்டம் இருக்கு" என்று பெண்ணிடம் சொன்னாள் என் சகதர்மிணி ஜலஜா. ஸ்நேஹா ப்ரோக்ராமில் எண்களை மாற்றி மாற்றிப் பெட்டியை நிதானப்படுத்திவிட்டாள். என்னைத்தான் முடியவில்லையாம், தாயும் மகளும் சிரிக்கிறார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மாவுக்கும் புரியட்டுமே என்று, "பாயசத்தை ருசி பார்த்துண்டே சக்கரை போடற மாதிரிம்மா, இந்தக் கம்பிதான் ருசி பார்க்கறது" என்று விளக்கிவிட்டாள். ஜலஜாவோ நைவேத்தியத்தை நாக்கில் வைக்காமலே உப்பும் காரமும் சரியாகப் போடுகிறவள். "பெருமாள் பக்கத்துல எச்சல் கம்பியா? கண்ணளவே போறும்!" என்று, மாமிகள் வெற்றிலை பாக்குக்கு வந்து உட்கார்ந்த நேரத்தில் அதைப் பிடுங்கிப் போட்டாள். சேதி வராமல் போன சிப், வெளியே ஒன்றுமே போகவில்லை என்றெண்ணிப் பன்னிரண்டையும் திறந்துவிட, தசாவதாரம் மொத்தமும் ஒரு கணம் ஜெகஜோதியாகி அணைந்தது. மாமிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கருகிய விளக்குச் சரத்தை ஸ்நேஹா கழற்றியதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். நீங்கள் வந்து பக்குவமாக எடுத்துச் சொல்லி அவளை வேலைக்கு அனுப்பிவைக்கவேண்டும்.

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கன்

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் வைத்திருந்ததில் ஒரு நாள் ஓடிவிட்டது. அதற்குள் ஸ்நேஹா புது விளக்குச் சரம் போட்டுவிட்டாள். "கம்பியை ஒருத்தர் பிடுங்குவான்னு எனக்குத் தோணவே இல்லப்பா, அம்மாதான் கண்டுபிடிச்சுக் குடுத்தா" என்கிறாள். இப்போது கம்பி போனால் பெட்டி தானே சாதுவாக அணைந்துவிடுகிறது. ஜலஜா பிடுங்கிப் பார்த்தாள், மாமிகள் பிடுங்கினார்கள், நானும் பிடுங்கினேன். ஒரு விளக்குக்கும் சேதமில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, வேலைக்குப் போகவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். நீங்கள் அவசியம் வாருங்கள். புத்திமதி ஒன்றும் வேண்டாம், வந்து நீங்களும் ஒரு தரம் பிடுங்குங்கள்.