நடுப்படத்துக்குப் பெரிய மாலை

நடைமுறை தெரியாதவனால் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது. அவன் தயங்குவான், நாலு பேரைக் கேட்பான். எல்லா நடைமுறையும் தெரிந்தவன்தான் யாரையும் கேட்கமாட்டான். நான் ஓய்வு பெறும்வரை ஓர் அரசு அலுவலகத்தில் விழா ஏற்பாடுகளைக் கவனித்தவன். யார் பெயரை முதலில் சொல்வது, யாருக்கு எந்த நாற்காலி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். (கேட்காமலே சொல்கிறேன் என்பது என் மனைவி கோமதியின் புகார்.)

சில வருடங்களுக்கு முன் எங்கள் மகள் நித்யா, இங்கிலாந்தில் தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். வாரச் சந்தை கூடும் ஒரு சின்ன ஊர்க்காரன். (ஊர்ப் பெயர் வேண்டாம். என் மகள் இப்போது அங்கே தலை நிமிர்ந்து நடக்க வேண்டியிருக்கிறது.) அவன் அப்பா டிக்கும் அம்மா ஜோனும் எங்களைப் பார்க்க அம்பத்தூருக்கு வருவதாக ஏற்பாடு.

"அப்பா, ஜோன் ஆன்ட்டிக்கு இதுல இன்னும் அரை மனசுதான். பிள்ளை கைவிட்டுப் போயிடுவானோன்னு பயப்படறாங்க. நீங்க ஏதாவது பண்ணி முழுசாக் கெடுத்துடாதீங்க. மைக்கெல்லாம் வேண்டாம்" என்றாள் நித்யா போனில்.

மைக் வேண்டாம் என்றாளே தவிர, படம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

விருந்தாளியின் ஊரைக் கௌரவிப்பது வரவேற்பின் அரிச்சுவடி. இணையத்தில் அந்த ஊரின் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். புகழ்பெற்றோர் ஐந்து பேர் இருந்தார்கள். மணிக்கூண்டு கட்டிக் கொடுத்த தானிய வியாபாரி, பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சீமாட்டி, வால்நட்சத்திரம் தேடியே கண்ணைக் கெடுத்துக்கொண்ட பாதிரியார், சீஸ் செய்ய இயந்திரம் கண்டுபிடித்து அதிலேயே விரலைப் பறிகொடுத்தவர். ஐந்தாமவர் சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியும் முக்கோணத் தொப்பியுமாக ஜொலித்தார். பெயர் ரிச்சர்ட், மேயர். குடும்பப் பெயர் பையனுடையதே!

சம்பந்தியின் கொள்ளுத்தாத்தா என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்தேன். படம் புத்தம் புதிதாக இருந்ததைக் கோமதி கவனித்தாள்.

"வெள்ளைக்காரன் எதையும் பத்திரமா வெச்சுப்பான்" என்று விளக்கினேன்.

பக்கத்து ஏரியாவான பாடியில் ஃபிரேம் கடைக்காரர் படங்களைப் புரட்டினார். "இன்னா சார், எல்லாம் பூட்டவங்களா?"

"எப்பவோ போயிட்டாங்க."

"அப்ப பொட்டு வெச்சே குட்த்துடறேன். இந்த ராஜா மாரி கீறாரே, இவரு யாரு?"

"சம்பந்தி வீட்டுப் பெரியவர்."

"ஊட்டுப் பெரியவருன்னா சின்ன ஃபிரேம் நல்லாவா கீது? பெரிசாவே போட்டுறலாம் சார்."

நித்யா விருந்தாளிகளை அழைத்துவந்த காலையில் எங்கள் கூடத்துச் சுவரில் ஐந்து படங்களும் சந்தனமாலையுடன் தயாராக இருந்தன. நடுப்படத்துக்கு மட்டும் ஆளுயர ரோஜா மாலை. முகம் கொஞ்சம்தான் தெரிந்தது. டிக் வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். விமானம், வெயில், பாடி மேம்பாலத்துப் போக்குவரத்து என்று ஒன்றையும் விடவில்லை. அவரையே குத்துவிளக்கு ஏற்ற வைத்தேன். பிறகு, "மறைந்த மாமனிதர்களுக்கு ஒரு நிமிடம் மௌனம்" என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன். டிக் கண்ணை மூடித் தலை குனிந்தார். ஜோன் மூடவில்லை. நடுப்படத்தையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர், நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கும் குரலில், தெளிவான ஆங்கிலத்தில் அவருக்கு உதவினார்: "எங்கள் வழக்கத்தில் இப்படிப் பொட்டு வைத்து மாலை போட்டால் அவர் காலமாகிவிட்டார் என்று அர்த்தம்."

"நடுவில் இருப்பது என் கணவர்" என்றார் ஜோன்.

ரிச்சர்டைச் செல்லமாக டிக் என்பார்களாம். எங்கள் அலுவலகத்தில் இதற்கெல்லாம் சுற்றறிக்கை வந்ததில்லை. மாப்பிள்ளைப் பையனாவது அப்பா மேயர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பெருமையடிக்கக் கூடாதாம். நான் பார்த்த ஒரே போட்டோவில் மேயர் அரைக்கால் சட்டையில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

டிக் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தருகே போனார். மாலையை விலக்கித் தன்னைத் தானே பார்த்தார்.

"நான் எப்போது இறந்தேன்?" என்றார் மரியாதையாக.

"இன்னும் உறுதி செய்யப்படவில்லை" என்றேன். (முப்பத்தைந்து வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.)

"போச்சு. கல்யாணம் நின்னுது. இனிமே நீங்க பேசாதீங்க" என்றாள் கோமதி.

நித்யா உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜோன் முகத்தை மூடிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. ஸ்டெல்லா டீச்சர் தண்ணீர் கொண்டுவந்தார். கையை எடுத்தபோதுதான் தெரிந்தது, அந்த அம்மாள் சிரிக்கிறார்.

"கல்யாணமான நாளிலிருந்து" என்று மூச்சு வாங்கினார், "இந்த மனிதர் ஒரு நிமிடம் முழுசாக வாயை மூடி நின்றதை இன்றுதான் பார்க்கிறேன். இந்த வீட்டில்தான் சம்பந்தம்!"

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. போன மாதம் எங்கள் பேத்தியின் பள்ளியிலிருந்து நித்யாவைக் கூப்பிட்டனுப்பினார்களாம். "உங்கள் குழந்தைக்கு மரணம் பற்றி ஏதோ குழப்பம் இருக்கிறது. தனக்கு இரண்டு தாத்தா, அதில் ஒருவர் செத்துப்போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டே இருப்பார் என்கிறாள். கவனியுங்கள்" என்றாராம் ஆசிரியை.

"உயிரோட இருக்கற தாத்தாவைப் பத்தி என்ன சொன்னாளாம்?" என்று கேட்டேன்.

"அவரைப் பேச விடக்கூடாதுன்னு பாட்டி சொல்லியிருக்காங்களாம்" என்றாள் நித்யா.