பன்னிரண்டு தட்டுகளுக்குத் திருநீறு

மிக மோசமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மலேசியாவின் ஈப்போவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. காற்றில், கையில், வாயில் எல்லாம் கிருமி இருக்கிறது என்று இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

என் மகள் யாழினி காம்பார் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தாள். நவம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் சிங்கப்பூரில் ஒரு வேலை காத்திருந்தது. பாக்கி இருந்தது ஒரே ஒரு சோதனை. அவள் நன்றாகத் தூங்கினாள், நான்தான் தூங்கவில்லை.

அந்த ஞாயிறு ஆயுத பூசை. காலையிலேயே கணவரின் கார், தையல் இயந்திரம், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் திருநீறும் பொட்டும் வைத்தாயிற்று. (ரப்பர் தோட்டத்தில் மரம் சீவும் கத்திக்கு வைத்துவந்த குடும்பம். பல் துலக்கும் பிரஷைத்தான் விட்டுவைத்தேன்.) ஆய்வுக்கு வளர்க்கும் செல்களுக்கு உணவு மாற்ற வேண்டும் என்று யாழினி கிளம்பியதும் நானும் காரில் ஏறிக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியைக் காட்டி விளக்கினாள்.

"ம்மா, ஒரு செல்லுக்குள்ள டிஎன்ஏ நூல் ரெண்டு மீட்டர் இருக்கு. அதப் புரதத்துல சுத்திச் சுருட்டி வெச்சிருக்கு. அந்தச் சுருளுக்குப் பேருதான் குரோமட்டின். அது மேல வேற புரதம் வந்து ஒட்டும். எந்த மரபணுவப் படிக்கணும், எத மூடி வெக்கணும்னு அதுதான் முடிவு பண்ணும்."

"படிச்சா?"

"படிச்சாத்தான் செல்லு அடுத்த கட்டத்துக்குப் போயி ரெண்டாப் பிரியும். அப்படி ஒட்டுற ஒரு புரதத்த நான் இதுல எடுத்துட்டேன். பிரியாம எங்க நிக்குதுன்னு புதன்கிழமை பாக்கணும்."

"நிக்கலன்னா?"

"நிக்கும் லா! மொதல்ல வாயக் கழுவுங்க."

அந்தச் செல்களை உருவாக்கவே இரண்டு மாதம் ஆனதாம். பன்னிரண்டு தட்டுகளுக்கும் உணவு மாற்றி, உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டருக்குள் வைத்து மூடிவிட்டு, கழிவைக் கொட்ட வெளியே போனாள்.

நான் கைப்பையைத் திறந்தேன்.

இன்குபேட்டர் கதவில் திருநீற்றுப் பட்டை போட்டதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வேலை நடப்பது உள்ளே அல்லவா? (சாமி வெளியிலயே நின்னா எப்படி?) கதவைத் திறந்தேன். பன்னிரண்டு மூடிகளும் பன்னிரண்டு நெற்றிகளாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் விரலால் ஓர் இழுப்பு. அதிகமாக ஒட்டியிருந்ததை, பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு ஊதுவதைப் போல 'பூ' என்று ஊதினேன். பன்னிரண்டு முறை. ஊதியதில் சில மூடிகள் நகர்ந்தன; அவற்றையும் தூக்கிச் சரியாக வைத்தேன். அவ்வளவு பொறுப்பு.

யாழினி திரும்பி வந்தாள். கதவைப் பார்த்ததும் சிரிப்பு.

"அய்யோ, ம்மா! வெளியிலதான வெச்சீங்க? உள்ள கைய வெக்கலயே?"

"சேச்சே," என்றேன்.

திருநீறு பூசியதைக்கூட அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தச் 'சேச்சே'வுக்கு என்ன சொல்வது? திரும்பும் வழியெல்லாம் அவளுக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொன்னேன்.

புதன்கிழமை, ஆசிரியர் அறையில் இருந்தபோது கைப்பேசி அடித்தது.

"ம்மா, எல்லாத் தட்டுலயும் பூஞ்சை. பஞ்சு மாதிரி. மூடியில சாம்பல் இருக்கு."

"சாம்பலா?" என்றேன். (அப்போதும் கேட்கத்தான் வாய் வந்தது.)

"ம்மா."

சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே சொல்லிருந்தா ரெண்டு தட்டயாவது காப்பாத்திருப்பேன், ம்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் போனை வைத்துவிட்டு, இன்குபேட்டரைக் கழுவப் போனாள்.

சிங்கப்பூர் வேலை வேறொருவருக்குப் போனது. யாழினி மறுபடியும் செல்களை உருவாக்கினாள்; அந்த மாதங்களில் நான் காம்பார் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பிப்ரவரியில் ஒரு மதியம் அழைத்தாள். "நிக்குது, ம்மா. பிரியறதுக்கு முன்னாடி அப்படியே நிக்குது." நான் அழுதேன், பேசினால் எதையாவது கெடுத்துவிடுவேன் என்று ஒன்றும் பேசவில்லை.

ஆய்வேடு இப்போது எங்கள் வரவேற்பறை அலமாரியில் இருக்கிறது. முழுவதும் ஆங்கிலம், நன்றியுரையில் ஒரே ஒரு வரி மட்டும் தமிழ்: "இதே சோதனையை இரண்டாம் முறை செய்யும் வாய்ப்பைத் தந்த என் அம்மாவுக்கு."

தெலுக் இந்தானிலிருந்து உறவினர் யார் வந்தாலும் கணவர் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டுவார். "எவ்வளவு பெரிய மனசு, டீச்சர்!" என்று அவர்கள் கண்கலங்கும் வரை காத்திருந்து, பிறகு 'பூ' என்று ஊதிக் காட்டி முழுக் கதையையும் தொடங்குவார். நான் தேநீர் போட எழுந்துவிடுவேன். போட்டு முடித்தாலும் வெளியே வருவதில்லை.